சொகுசுக் கப்பல் கம்பெனிகள் எந்த நாட்டைச் சேர்ந்தவை? மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொகுசுக் கப்பல்களோடு இரண்டு வழிகளில் தொடர்பு ஏற்படுகிறது. தாராவியிலோ ஆன்டாப் ஹில்லிலோ வளர்ந்து ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த பிள்ளைக்குக் கப்பலில் வேலை கிடைக்கிறது என்பது ஒரு வழி. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இருக்கும் குடும்பம் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் நான்கு நாள் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கிறது என்பது மற்றொரு வழி. இரு தரப்பினரும் கையெழுத்திடும் தாள்களில் விளம்பரப் பெயர் ஒன்றாகவும், அந்தக் கம்பெனி பதிவான நாடு வேறாகவும், கப்பல் ஏந்தும் கொடி மூன்றாவது நாட்டினுடையதாகவும் இருக்கும். இது தற்செயலாக அமைந்ததல்ல. இந்தத் தொழிலே அந்தப் பிரிவினையின்மீதுதான் நடக்கிறது என்பதால், எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலிருந்தே பதில் எழுதியிருக்கிறோம்.

இந்தத் தொழில் யார் கையில் இருக்கிறது?

துறைமுகங்களில் பல பெயர்களைப் பார்த்தாலும், உலகின் சொகுசுக் கப்பல் பயணிகளில் பெரும்பகுதியினரை ஏற்றிச் செல்பவை நான்கு குழுமங்களே. கார்னிவல் குழுமத்தின்கீழ் கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்ட், கோஸ்டா, ஐடா போன்ற பெயர்கள் உள்ளன. ராயல் கரீபியன் குழுமத்தில் ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ ஆகியவை உள்ளன. ஜெர்மனியின் டுய் குரூசஸில் அதற்குப் பாதிப் பங்கு உண்டு. நார்வீஜியன் குழுமத்தில் நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜென்ட் ஆகியவை இருக்கின்றன. நான்காவதான எம்எஸ்சி குரூசஸ் மட்டும் பங்குச் சந்தையில் இல்லாத குடும்ப நிறுவனம். ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட அது, நவ சேவா துறைமுகத்தில் நாம் தினமும் பார்க்கும் எம்எஸ்சி கன்டெய்னர்களின் உடன்பிறந்த நிறுவனம்.

ஒரே குழுமத்துக்கு ஏன் இத்தனை பெயர்கள் என்றால், ஜெர்மானியக் குடும்பத்துக்கு ஜெர்மன் மொழியிலும், இத்தாலியருக்கு இத்தாலிய உணவோடும், செல்வந்தரான முதியவருக்குச் சிறிய கப்பலிலும் விற்பதற்காகத்தான். கப்பல் கட்டுவது, எரிபொருள் வாங்குவது, கடன் திரட்டுவது போன்ற பெரிய முடிவுகள் மேலே குழும அளவில் எடுக்கப்படுகின்றன. சர்வதேசச் சொகுசுக் கப்பல் சங்கத்தின் கணக்குப்படி 2019இல் 2.97 கோடியாக இருந்த பயணிகளின் எண்ணிக்கை, கொரோனா வீழ்ச்சியைக் கடந்து 2024இல் 3.46 கோடியானது.

பலார்ட் பியரில் நின்ற கப்பலின் பின்பக்கத்தில் ‘நசாவு’ என்று எழுதியிருந்தது. அது அமெரிக்கக் கம்பெனியின் கப்பல் என்றல்லவா சொன்னார்கள்?

இரண்டும் சரிதான். கப்பலின் பின்புறத்தில் அதன் பெயருக்குக் கீழே எழுதப்படும் ஊர், அது பதிவு செய்யப்பட்ட துறைமுகம். நசாவு என்றால் பஹாமாஸ், வலெட்டா என்றால் மால்டா, ஹாமில்டன் என்றால் பெர்முடா. அந்த ஊரைக் கப்பல் ஒருமுறைகூடப் பார்த்திராமல் இருக்கலாம். ஆனாலும் நடுக்கடலில் கப்பலுக்குள் செல்லுபடியாகும் சட்டம் முதன்மையாக அந்த நாட்டுச் சட்டமே. பாதுகாப்புச் சான்றிதழ், பணியாளரின் வேலை நிலைமை, விபத்து விசாரணை ஆகிய அனைத்துக்கும் முதல் பொறுப்பு கொடி நாட்டுக்கு உரியது.

உரிமையாளருக்குத் தொடர்பில்லாத நாட்டில் கப்பலைப் பதிவு செய்யும் இந்த முறையை வசதிக் கொடி என்கிறார்கள். இதன் வரலாற்றில் ஒரு சுவையான நிகழ்வு உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த 1922ஆம் ஆண்டில், ரிலையன்ஸ், ரெசொல்யூட் என்ற இரண்டு அமெரிக்கப் பயணிகள் கப்பல்கள், பயணிகளுக்கு மது வழங்குவதற்காகப் பனாமாக் கொடிக்கு மாறின. பயணிகள் கப்பலையும் வசதிக் கொடியையும் இணைத்த காரணம் அன்றே வணிகக் காரணமாகத்தான் இருந்தது. குனார்டின் கப்பல்கள் 2011இல் சவுத்தாம்ப்டனை விட்டு ஹாமில்டனுக்குப் பதிவை மாற்றியபோது சொல்லப்பட்ட காரணம், பெர்முடா சட்டம் கடலில் திருமணம் நடத்தக் கேப்டனுக்கு அனுமதி அளிக்கிறது என்பது. உண்மையான ஆதாயம் இவற்றைவிடப் பெரியது: பணியாளரை எந்த நாட்டிலிருந்தும் அமர்த்திக்கொள்ளலாம், தாய்நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது, வரிச்சுமை குறையும்.

எல்லாக் கொடிகளும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. கோஸ்டா, ஐடா கப்பல்கள் இத்தாலியக் கொடியையும், ஹாலந்து அமெரிக்காவின் கப்பல்கள் நெதர்லாந்துக் கொடியையும் ஏந்துகின்றன. பஹாமாஸ் கொடி என்றாலே கப்பல் பாதுகாப்பற்றது என்று முடிவு கட்டுவதும் தவறு. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிகள் எல்லாக் கொடிகளுக்கும் பொது. கப்பல் நுழையும் ஒவ்வொரு துறைமுக நாடும் அதைச் சோதனையிடலாம், குறை கண்டால் நிறுத்தியும் வைக்கலாம்.

கம்பெனிகள் வரியே கட்டுவதில்லை என்பது உண்மையா?

அப்படி அடியோடு சொல்ல முடியாது. துறைமுகக் கட்டணம், பயணிகள் வரி, சில நாடுகளில் கப்பலின் கொள்ளளவைப் பொறுத்த வரி ஆகியவற்றைக் கட்டுகிறார்கள். ஆனால் லாபத்தின்மீது கட்டும் வருமான வரி, அவர்களுடைய வருமானத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கார்னிவல் கார்ப்பரேஷன் பனாமாவில் நிறுவப்பட்டது. ராயல் கரீபியன் லைபீரியாவில் பதிவான கம்பெனி. நார்வீஜியன் ஹோல்டிங்ஸ் பெர்முடாவில் பதிவானது. மூன்றின் தலைமை அலுவலகங்களும் மயாமிப் பகுதியில்தான் இருக்கின்றன. அமெரிக்க வரிச் சட்டத்தின் 883ஆம் பிரிவு, அமெரிக்கக் கப்பல்களுக்கு அதே சலுகையைத் தரும் நாடுகளில் பதிவான கம்பெனிகளின் சர்வதேசக் கப்பல் வருமானத்துக்கு விலக்கு அளிக்கிறது. சட்டத்தை மீறி அவர்கள் எதையும் செய்யவில்லை. ஆனால் துறைமுகம், கடலோரக் காவல்படை, குடியேற்றச் சோதனை என்று ஒரு நாட்டின் வசதிகளைப் பயன்படுத்தும் தொழில் அந்த நாட்டின் செலவில் எவ்வளவு பங்கு ஏற்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் நெருக்கடி வரும்போது எந்த அரசு கைகொடுக்கும்?

இதற்கான விடையை 2020 காட்டியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் தனிமைப்படுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள்; அவர்களில் 700க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. கப்பல் ஜப்பானில் கட்டப்பட்டது, பிரிட்டனில் பதிவானது, அமெரிக்கக் குழுமம் நடத்தியது, ஜப்பானியத் துறைமுகத்தில் நின்றது. பயணிகளைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பது சட்டப்படியே தெளிவாக இல்லை. சுமை முழுவதையும் ஜப்பான் சுமக்க வேண்டியதாயிற்று. பயணிகள் அறைகளில் அடைபட்டிருந்தபோது அவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பணியாளர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் பணியாளர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை அம்மாத இறுதியில் ஏர் இந்தியா விமானம் டெல்லிக்குக் கொண்டுவந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கா 2020 மார்ச்சில் அறிவித்த நிவாரணக் கடன்கள் அமெரிக்காவில் பதிவாகி, பெரும்பான்மைப் பணியாளரை அங்கேயே கொண்ட கம்பெனிகளுக்கே உரியவையாக இருந்தன. மூன்று பெரிய குழுமங்களும் அதற்கு வெளியே நின்றன. எனவே கார்னிவல் ஏப்ரலில் 11.5 சதவீத வட்டிக்கு 400 கோடி டாலர் கடன் பத்திரங்களை விற்றது. சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம் 8.2 சதவீதப் பங்கு வாங்கியிருப்பதும் அதே மாதத்தில் வெளியானது. பிற்பாடு அதன் கடன் 3,000 கோடி டாலரையும் தாண்டியது. பல ஆண்டுகளாக வரியில் மிச்சப்படுத்தியதன் மறுபக்கம் அந்த 11.5 சதவீதத்தில் தெரிகிறது.

இவ்வளவு பெரிய கப்பல்களை யார் கட்டுகிறார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது?

பெரிய சொகுசுக் கப்பல்களைக் கட்டும் தளங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை: இத்தாலியின் ஃபின்கன்டியேரி, பிரான்ஸின் சான் நசேரில் உள்ள ஷான்டியே டி லாட்லான்டிக், ஜெர்மனியின் மேயர் வெர்ஃப்ட், பின்லாந்தின் மேயர் துர்க்கு. 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ஐக்கான் ஆஃப் த சீஸ் துர்க்குவில் கட்டப்பட்டது. அதன் மொத்தக் கொள்ளளவு 2,48,663 டன். அதிகபட்சம் 7,600 பயணிகளும் 2,350 பணியாளரும் அதில் இருக்கலாம்.

ஒரு கப்பலின் விலை 200 கோடி டாலரை நெருங்கும்போது, அதைக் கம்பெனி கையிருப்பிலிருந்து கட்டுவதில்லை. கப்பல் கட்டும் நாட்டின் ஏற்றுமதிக் கடன் நிறுவனம் வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் தருகிறது. வழக்கமாக விலையில் 80 சதவீதம் வரை, 12 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் கடனாகக் கிடைக்கிறது. தங்கள் நாட்டுத் தொழிலாளர்களுக்கு வேலை வேண்டும் என்பதற்காக ஐரோப்பிய அரசுகள் இதைச் செய்கின்றன. மேயர் வெர்ஃப்ட் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தபோது, ஜெர்மானிய மத்திய அரசும் லோயர் சாக்ஸனி மாநில அரசும் 2024இல் அதன் சுமார் 80 சதவீதப் பங்குகளை எடுத்துக்கொண்டன. ஆக, மயாமிக் கம்பெனி வாங்கும் கப்பலுக்குப் பின்னால் ஜெர்மானிய வரிப்பணம் நிற்கிறது. சீனாவும் இந்தத் துறைக்குள் வந்துவிட்டது. ஷாங்காயில் கட்டப்பட்ட அடோரா மேஜிக் சிட்டி 2024 ஜனவரி 1 அன்று பயணத்தைத் தொடங்கியது.

சாப்பாடு, தங்குமிடம், நிகழ்ச்சிகள் அனைத்தும் சேர்த்து டிக்கெட் விலை எப்படி இவ்வளவு குறைவாக இருக்கிறது?

டிக்கெட் என்பது வருமானத்தின் ஒரு பகுதிதான். கார்னிவல் குழுமத்தின் 2024 நிதியாண்டு வருமானம் சுமார் 2,500 கோடி டாலர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பயணி கப்பலில் ஏறிய பிறகு செலவழித்த பணம். மது, சூதாட்டக் கூடம், இணைய இணைப்பு, மசாஜ், புகைப்படம், சிறப்பு உணவகம், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பேருந்துப் பயணம் என்று அந்தச் செலவு பிரிகிறது. மசாஜ் நிலையம் போன்றவற்றைப் பல கப்பல்களில் வெளிக் கம்பெனிகள் நடத்துகின்றன. விற்பனையில் ஒரு பங்கு கப்பல் கம்பெனிக்குப் போகும்.

அறை காலியாகப் புறப்பட்டால் டிக்கெட் பணமும் கிடைக்காது, உள்ளே நடக்கும் விற்பனையும் கிடைக்காது. அதனால் கடைசி நேரத்தில் விலையைக் குறைத்தாவது அறையை நிரப்பிவிடுவார்கள். ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்தான் நிறைவு அளக்கப்படுகிறது என்பதால், மூன்றாவது, நான்காவது படுக்கைகளில் குழந்தைகள் ஏறும் விடுமுறைக் காலத்தில் கப்பல் 100 சதவீதத்துக்கு மேல் நிறைந்ததாகக் கம்பெனி அறிக்கைகளில் பார்க்கலாம். கப்பல் நகரக்கூடியது என்பது மற்றொரு பெரிய வசதி. கரையிலுள்ள ஹோட்டலுக்குச் சீசன் முடிந்தால் அறைகள் காலியாகக் கிடக்கும். கப்பலைக் கோடையில் அலாஸ்காவுக்கோ மத்தியதரைக் கடலுக்கோ அனுப்பிவிட்டு, குளிர்காலத்தில் கரீபியனுக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

மும்பையிலிருந்து செல்லும் குடும்பங்கள் பயணச் செலவைக் கணக்கிடும்போது, டிக்கெட்டோடு தினசரிச் சேவைக் கட்டணத்தையும் ஆள்வீதம் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல கம்பெனிகள் அதை டிக்கெட் விலையில் காட்டுவதில்லை. பயண முடிவில் அறைக் கணக்கில் அது வந்து நிற்கும்.

கம்பெனிகள் ஏன் சொந்தமாகத் தீவுகளை வைத்துக்கொள்கின்றன?

ஊர்த் துறைமுகத்தில் இறங்கும் பயணி ஊர்க்கடையில் செலவு செய்வார். கம்பெனியின் தீவில் இறங்கும் பயணி அந்தக் கம்பெனியிடமே செலவு செய்வார். நார்வீஜியன் 1977இலேயே பஹாமாஸின் கிரேட் ஸ்டிரப் கேயை வாங்கிவிட்டது. ராயல் கரீபியன் 25 கோடி டாலர் செலவிட்டு கோகோ கேயை 2019இல் மாற்றியமைத்தது. கார்னிவலின் செலிப்ரேஷன் கீ 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. கூட்டமும் நெரிசலும் இல்லாத கடற்கரை கிடைப்பது பயணிக்கு நன்மைதான். ஆனால் கப்பல்களை நம்பி வாழும் தீவு நாட்டின் வியாபாரிக்கு அதில் கிடைப்பது சொற்பம்.

அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து அமெரிக்காவின் அலாஸ்காவுக்குப் போகும் கப்பல் ஏன் கனடாவில் நின்றுபோகிறது?

1886ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயணிகள் கப்பல் சட்டத்தால். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையில் மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்கிறது அது. இந்திய பாஸ்போர்ட்டில் செல்வோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: கப்பல் ஒரு மாலை நேரம் மட்டும் கனடாவில் நின்றாலும் கனடா விசா தேவைப்படலாம், இல்லையென்றால் கப்பலிலேயே ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

மும்பையைத் தளமாகக் கொண்டு பெரிய கம்பெனிகள் ஏன் தொடர்ந்து கப்பல் விடுவதில்லை?

முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2016இல் கோஸ்டாவின் நியோகிளாசிகா மும்பையிலிருந்து கொச்சி வழியாக மாலத்தீவுக்குச் சென்றது. 2019இல் ஜலேஷ் குரூசஸ் என்ற இந்திய நிறுவனம் கர்ணிகா என்ற கப்பலோடு மும்பையில் தொடங்கியது. அந்தக் கப்பல் 1990இல் இத்தாலியில் கட்டப்பட்டு, கார்னிவல் குழுமத்தில் வேறு பெயர்களில் ஓடியது. கொரோனாவில் தொழில் நின்றதும் பாக்கிக்காரர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். நீதிமன்ற உத்தரவின்பேரில் கப்பல் பிடித்துவைக்கப்பட்டு, ஏலம் போய், குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. மும்பையில் பலர் அந்தக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள் என்பதால் இந்த முடிவு இங்கே கசப்போடுதான் நினைவுகூரப்படுகிறது. 2021 செப்டம்பரில் தொடங்கிய கார்டிலியாவின் எம்பிரஸும் 1990இல் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்ட கப்பல்தான். 2022 ஜூனில் அது சென்னையிலிருந்து இலங்கைக்கும் சென்றது.

தடைகள் பல. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று வழித்தடங்கள் குறைவு. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள்மீது நடந்த தாக்குதல்கள் காரணமாக, ஐரோப்பாவிலிருந்து சூயஸ் வழியாக வரவேண்டிய கப்பல்கள் பல தங்கள் பயணங்களை ரத்து செய்தன. வரி விஷயத்தில் மட்டும் அண்மையில் தெளிவு வந்திருக்கிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில், இந்தியாவில் சொகுசுக் கப்பல் நடத்தும் வெளிநாட்டுக் கம்பெனியின் பயணிகள் வருவாயில் 20 சதவீதத்தை லாபமாகக் கொள்ளும் எளிய முறை கொண்டுவரப்பட்டது. இந்திரா டாக்கில் புதிய சர்வதேசக் கப்பல் முனையமும் 2025 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. கட்டிடம் வந்துவிட்டது என்பதற்காகக் கப்பல் வந்துவிடாது. ஒரு கப்பலைக் கரீபியனிலிருந்து எடுத்து மும்பையில் விட்டால் ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் கிடைக்கும் வருவாய் கூடுமா குறையுமா என்பதைப் பார்த்துத்தான் மயாமியிலும் ஜெனீவாவிலும் முடிவெடுப்பார்கள்.

என் மகனுக்குக் கப்பலில் வேலை என்று ஏஜென்ட் கடிதம் கொடுத்துவிட்டு, மூன்று லட்சம் கேட்கிறார். கட்டலாமா?

கட்ட வேண்டாம். இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்ட 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலைக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், சிடிசி என்ற கடலோடிப் பதிவேடு, பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டும் கடலோடிக்கு உரியது. விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளரைச் சேர்ந்தது என்று உடன்படிக்கையே சொல்கிறது. பயிற்சி நிலையத்துக்குக் கட்டும் படிப்புக் கட்டணம் வேறு. வேலைக்காகக் கட்டும் ‘பிராசஸிங்’ பணம் வேறு. இரண்டையும் ஒரே ரசீதில் கலந்து கேட்பது மோசடிக்காரர்களின் வழக்கமான உத்தி.

எங்களிடம் கொண்டுவரப்பட்ட ஒரு கடிதத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மேலே பளபளப்பான கப்பல் படம், கீழே வட்ட முத்திரை, ஆங்கிலத்தில் வாழ்த்து, சம்பளம் டாலரில். ஆனால் கப்பலின் அடையாளமான ஏழு இலக்க ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் இல்லை. கொடி நாடு இல்லை. முதலாளி எந்த நாட்டுக் கம்பெனி என்பது இல்லை. ஆர்பிஎஸ்எல் உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு ஜிஎஸ்டி எண் இருந்தது. அனுப்பிய மின்னஞ்சலும் எவரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய ஜிமெயில் முகவரி. அந்தக் குடும்பம் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டதால் தப்பித்தது.

ஆர்பிஎஸ்எல் என்பது கடலோடிகளை வேலைக்குச் சேர்க்க, மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்ககமான டிஜி ஷிப்பிங் வழங்கும் உரிமம். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் இருக்கிறது; அந்த அலுவலகமே நம் காஞ்சுர்மார்க்கில்தான் உள்ளது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, உரிமம் நடப்பில் இருக்கிறதா, இடைநிறுத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உண்மையான வேலை என்றால், இந்தியக் கடலோடிகளின் தரவுத்தளப் பதிவு எண்ணான இந்தோஸ் எண், எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேசத் தரத்தின்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள், சிடிசி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரின் சான்றிதழ் ஆகியவை கேட்கப்படும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பலாக இருந்தால் பணியாளருக்கான சி1/டி விசாவும் தேவைப்படும். இவை எதையும் கேட்காமல் ‘உடனே சைன் ஆன்’ என்று அவசரப்படுத்துபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வேலை நேரம், சம்பளம், விடுப்பு ஆகியவற்றை எந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது?

கொடி நாட்டின் சட்டமும், மேலே சொன்ன உடன்படிக்கையும், கையெழுத்திடும் பணி ஒப்பந்தமும், தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் அதுவும். உடன்படிக்கையின்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாட்களில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு கிடைக்க வேண்டும். திருப்பிப் பார்த்தால், வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவும் இது இடம் தருகிறது. பல மாதங்கள் தொடர்ந்து வார விடுமுறையின்றி வேலை பார்ப்பது இந்தத் தொழிலில் இயல்பு. இளைஞர்கள் இதை முன்கூட்டியே அறிந்துகொண்டு போக வேண்டும் என்று வலியுறுத்துகிறோம், ஏனென்றால் வேலை பார்க்கும் கப்பல் எத்தனை அழகாக இருந்தாலும் அவர்கள் தூங்கப்போவது நீர்மட்டத்தை ஒட்டிய தளத்தில், மற்றொருவரோடு பகிரும் சன்னல் இல்லாத சிறு அறையில்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தேர்ந்த மாலுமிக்குப் பரிந்துரைத்த குறைந்தபட்ச அடிப்படை மாத ஊதியம் 2025இல் 673 டாலர். உணவகம், அறைப் பராமரிப்பு போன்ற ஹோட்டல் பிரிவினருக்கு இந்த அளவு நேரடியாகப் பொருந்துவதில்லை. அவர்களின் வருமானத்தில் சேவைக் கட்டணப் பங்கும் அன்பளிப்பும் பெரும்பகுதி. ஆகவே ஒப்பந்தத்தில் ‘உத்தரவாத மாதச் சம்பளம்’ என்று எழுதியிருக்கும் தொகையை மட்டும் நம்பிக் கணக்குப் போடுங்கள், ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்லும் தொகையை அல்ல. ஒப்பந்தம் முடிந்ததும், நோய்வாய்ப்பட்டாலும், ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு உரிமையாளருடையது. சிக்கல் வந்தால் மும்பையிலேயே இந்தியக் கடலோடிகள் தேசியச் சங்கம் இருக்கிறது; ஐடிஎஃப் என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஆய்வாளர்களும் உலகின் பல துறைமுகங்களில் உள்ளனர்.

கப்பலில் சம்பாதித்த பணத்துக்கு இந்தியாவில் வரி உண்டா?

நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தவர் பொதுவாக வெளிநாடுவாழ் இந்தியராகக் கருதப்படுவார். வெளிநாட்டுக் கப்பலில், இந்தியாவுக்கு வெளியே செய்த வேலைக்கான சம்பளம் இந்தியாவில் உள்ள என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதற்காக மட்டும் அவருக்கு வரி விதிக்கக் கூடாது என்று நேரடி வரிகள் வாரியம் 2017இல் சுற்றறிக்கை வெளியிட்டது. நாட்கணக்கை நிரூபிக்க, பாஸ்போர்ட்டிலும் சிடிசியிலும் உள்ள முத்திரைப் பக்கங்களின் நகல்களை ஆண்டுவாரியாக வைத்திருங்கள்.

பயணத்தின்போது அடிபட்டால் மும்பையில் வழக்குத் தொடர முடியுமா?

டிக்கெட்டோடு வரும் பயண ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அமெரிக்கப் பயணங்களில் பல கம்பெனிகள் புளோரிடா நீதிமன்றத்தில் மட்டுமே வழக்குத் தொடரலாம் என்று எழுதிவிடுகின்றன. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி, மெக்சிகோ அருகே கப்பலில் வழுக்கி விழுந்ததற்காகத் தங்கள் ஊரிலேயே வழக்குத் தொடர முயன்றபோது, டிக்கெட்டில் அச்சிட்ட இந்த நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. அமெரிக்கருக்கே அப்படி என்றால் செம்பூரிலிருந்து போனவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. உடற்காயத்துக்கு ஆறு மாதத்துக்குள் அறிவிப்புக் கொடுத்து, ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்று காலக்கெடு வைக்கவும் அந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. எனவே காயம் பட்ட அன்றே கப்பல் மருத்துவரின் அறிக்கையையும், விபத்துப் பதிவின் நகலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டில் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் வெளியேற்றும் செலவு அடங்கியிருக்கிறதா என்பதையும் புறப்படும் முன்பே பாருங்கள்.

2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தனர். அதற்குப் பிறகுதான் உயிர்காப்புப் பயிற்சியைக் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்ற விதி வந்தது. அந்தப் பயிற்சியைத் தவிர்க்காதீர்கள்.

கடல் மாசுக்கு யார் பொறுப்பு?

கொடி நாடும் துறைமுக நாடும். நடைமுறையில் கடுமையாக நடந்துகொள்வது துறைமுக நாடுதான். எண்ணெய் கலந்த கழிவைக் கள்ளக் குழாய் வழியாகக் கடலில் விட்டதற்காகப் பிரின்சஸ் நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டியது. கண்காணிப்பு நிபந்தனைகளை மீறியதற்காக 2019இல் தாய் நிறுவனத்தோடு சேர்ந்து மேலும் 2 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. வெனிஸ் நகரின் ஜூடெக்கா கால்வாயில் பெரிய கப்பல்கள் நுழைய 2021 ஆகஸ்டு முதல் தடை. அலாஸ்காவின் ஜூனோ நகரம் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைத்திருக்கிறது. மும்பையும் கப்பல்களை வரவேற்கும் இந்த வேளையிலேயே, நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம், கழிவை இறக்கும் வசதி ஆகியவற்றைப் பற்றிக் கறாராகப் பேசிவிட வேண்டும். பிறகு பேசினால் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் வந்துவிடும்.

கம்பெனி திவாலானால் கட்டிய பணம் திரும்பி வருமா?

எளிதில் வராது. ஹாங்காங் பங்குச் சந்தையில் இருந்து, பெர்முடாவில் பதிவாகி, ஜெர்மனியில் கப்பல் கட்டும் தளங்களை வைத்திருந்த ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் நொடித்தது. அதற்குச் சொந்தமான கிரிஸ்டல் சிம்பொனி பயணிகளோடு மயாமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, எரிபொருள் பாக்கிக்காகக் கப்பலைப் பிடிக்க அமெரிக்க நீதிமன்றம் ஆணை பிறப்பித்திருந்தது. கப்பல் மயாமிக்குப் போகாமல் பஹாமாஸின் பிமினித் தீவுக்குத் திரும்பியது. பயணிகளைப் படகில் ஏற்றி புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கம்பெனியில் முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் பாக்கிக்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

பயணி கட்டும் முன்பணம் கம்பெனியின் அன்றாடச் செலவுக்குப் பயன்படும் பணம் என்பதை நினைவில் வையுங்கள். முழுத் தொகையையும் ஓராண்டு முன்பே கட்டுவதைத் தவிருங்கள். முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கம்பெனி நொடித்தாலும் இழப்பீடு தரும் காப்பீடு எடுங்கள். மும்பையில் அலுவலகம் உள்ள ஏஜென்ட் வழியாக டிக்கெட் எடுத்து, அவருடைய பெயரிலேயே ரசீது வாங்கியிருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே அந்த ஏஜென்ட்மீது புகார் கொடுக்கலாம்.